பாவு முடியும் வரை

ஆரணியில் நெசவுக்காரர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் உள்ளே நுழையுமுன் காது கொடுத்துக் கேட்பார்கள். தறி ஓடவில்லையென்றால் துக்கம் இன்னும் ஆறவில்லை, செருப்பை ஓசைப்படாமல் கழற்றிவிட்டுப் போகவேண்டும். தறி ஓடினால் வீடு தேறிவிட்டது, காபி கிடைக்கும். மணவாளன் வீட்டில் காலை ஐந்தரைக்கே தறி ஆரம்பித்துவிடும். மனைவி பச்சையம்மாள் மூன்று நாள் காய்ச்சலில் போய் இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. பத்தாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மனுஷன் தறிக்குழியில் காலை விட்டுவிட்டார். தெருவே அதை மெச்சியது. ஆம்பளை என்றால் இப்படித் தேறிக்கொள்ள வேண்டும் என்றார்கள். தெருவுக்கு என்ன, சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

தேவிப்ரியா அந்தச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டாள். அவளும் தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். நெய்கிறவர் தண்ணீர் குடிக்க நிறுத்துவார், பிள்ளையைத் திட்ட நிறுத்துவார், முதுகு வலிக்கிறதென்று நிறுத்துவார். இந்தத் தறி எதற்கும் நிற்கவில்லை. யாரோ துரத்துகிற மாதிரி ஓடியது. அவளுக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை.

"தறி ஓடுதில்ல? அப்ப வூட்டுல எல்லாம் நார்மலாத்தான் இருக்காங்க," என்றான் கூட வந்த வெற்றிச்செல்வன். களம்பூர் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருப்பவரின் மகன். கல்லூரியில் அவளோடு மூன்றாம் ஆண்டு.

"உனுக்கு இன்னா தெரியும், சும்மா வா," என்றாள்.

இரண்டு பேரும் கல்லூரித் துணைக்குழுவில் இருந்தார்கள். வீட்டில் சாவு விழுந்த மாணவர்களை, அதே மாதிரி சாவைப் பார்த்த மாணவர்களே போய்ப் பார்ப்பது, கூட உட்கார்ந்திருப்பது, விட்டுப்போன பாடத்தை எழுதிக்கொடுப்பது. வணிகவியல் பேராசிரியை புஷ்பலதா ஆரம்பித்து வைத்தது. கேன்டீனில் பையன்கள் அதற்கு 'இழவுக் கமிட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தேவிப்ரியா கோபப்பட்டதில்லை. இரண்டு வருஷம் முன்பு அவள் அப்பா லாரியில் அடிபட்டுப் போனபோது வந்தவர்கள் எல்லாம், நீதாம்மா இனிமே அம்மாவைப் பார்த்துக்கணும் என்று அவள் தலையில் கல்லை ஏற்றிவிட்டுப் போனார்கள். சீனியர் பெண் ஒருத்தி மட்டும் ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அதற்காகத்தான் தேவிப்ரியா இதில் சேர்ந்தாள்.

இப்போது அவர்கள் பார்க்க வந்தது மணவாளன் மகள் குணசுந்தரியை. இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். அம்மா போனதிலிருந்து வகுப்புக்கு வரவில்லை, போன் எடுக்கவில்லை. முந்தாநாள் வகுப்பு குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டாள்: 'பாவு முடியற வரைக்கும் வர மாட்டேன். அப்புறம் வருவேனான்னு எனக்கே தெரியல.' பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூல். அந்த வரியைப் படித்துவிட்டுப் புஷ்பலதா மேடம் கூப்பிட்டனுப்பினார். "எனக்கு இது சரியாப் படல. போய்ப் பாருங்க. புத்தி சொல்லாதீங்க, எல்லாம் சரியாப் போயிடும்னும் சொல்லாதீங்க. பயமா இருந்தா நேரா கேட்டுடுங்க, எனக்கும் சொல்லிடுங்க. மனசுக்குள்ளயே வெச்சிக்காதீங்க."

கார்த்திகை மாதத்துத் தூறல் மூன்று நாளாக விடவில்லை. வாசலுக்குப் போகும்போது தறி சட்டென்று நின்றது. சற்று நேரத்தில் மணவாளன் குடையோடு வெளியே வந்தார். ஒடிசலான மனிதர், கன்னம் ஒட்டியிருந்தது, வேட்டி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"காலேஜ் பசங்களா? உள்ள போங்க. கொழந்த இருக்குது." தேவிப்ரியாவை உற்றுப் பார்த்தார். "நீ பாவு பிணைக்கற பூங்காவனம் பொண்ணுதான? மூஞ்சி அப்படியே கீது."

"ஆமாங்க மாமா. மழையில எங்க கெளம்பிட்டீங்க?"

"இங்கதான், ஆத்தங்கரைக்கு. தெனம் இந்நேரத்துக்குப் போய் செத்த நேரம் அவகிட்ட பேசிகினு வருவேன்."

ஆற்றங்கரையில் இருப்பது சுடுகாடு. கடைக்குப் போகிறேன் என்பது போல அதைச் சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளே, தறியறையிலிருந்து குணசுந்தரி ஓடிவந்தாள். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள், கையைப் பின்னால் மறைத்திருந்தாள், மூச்சு வாங்கியது. "நைனா போய்ட்டாரா?" என்றுதான் முதலில் கேட்டாள். போய்விட்டார் என்றதும் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். இந்தப் பெண் தூங்கி எத்தனை நாளாயிற்றோ என்று தேவிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

"சாப்ட்டியா குணா?"

"ஆச்சுக்கா."

"தூங்கறியா?"

"தூங்கறேன்க்கா."

"எதனா வேலை இருந்தா சொல்லு. அதுக்குத்தான் வந்தோம்."

குணசுந்தரி யோசித்தாள். "ரேஷன்ல இன்னிக்குத்தான் கடைசி நாளு. அரிசி வாங்கணும்."

"கார்டு குடு, இவன் போய் வாங்கியாரட்டும்."

"ரேகை வைக்கணும்க்கா. நானோ நைனாவோதான் போவணும்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் நான் வர்ற வரைக்கும் இருக்கறீங்களா? நைனா வந்தா தனியா வுட்டுட்டுப் போய்டாதீங்க. கொழம்பு இருக்குது, சூடு பண்ணிப் போடுங்க. அவரு திங்க மாட்டாரு, இருந்தாலும் போடுங்க."

"நீ போய்ட்டு வா, நாங்க பாத்துக்கறோம்."

"தறியில எலி தொந்தரவு. ஒண்ணும் தொட வேணாம்," என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்துக்கொண்டு போனாள்.

வெற்றிச்செல்வன் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டினான். தேவிப்ரியாவால் சும்மா உட்கார முடியவில்லை. அடுப்படியில் கிடந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். கருவாட்டுக் குழம்பை மோந்து பார்த்தாள், கெடவில்லை. பிறகு கால் தானாகத் தறியறைக்குப் போயிற்று.

தறியில் மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை, அரக்கு முந்தி. பாவு ஏறக்குறைய முடிந்துவிட்டது, பின்னால் உருளைக் கட்டை தெரிந்தது. இன்னும் ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம் இருக்கும். இழைகளை ஏற்றி இறக்கும் விழுதுக்குப் பின்னால் பாவு இழைகள் நாற்பதுக்கு மேல் அறுந்து, இங்கே நாலு அங்கே ஆறு என்று சிக்கலாகக் கிடந்தன.

"அடப் பாவமே," என்றாள் வாய்விட்டு.

"இன்னா ஆச்சு?" வெற்றிச்செல்வன் எட்டிப் பார்த்தான்.

"எலி கடிச்சி வெச்சிருக்குது. இத ஒவ்வொண்ணா தேடிப் பிணைக்கவே அந்த மனுசனுக்கு மூணு மணி நேரம் ஆவும். வந்து பாத்தா இன்னும் நொந்து போவாரு."

அவளுக்கு எட்டு வயதிலிருந்து இந்த வேலை தெரியும். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாக முறுக்கிச் சேர்ப்பது அவள் அம்மாவின் தொழில். பள்ளிக்கூட லீவில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து கட்டைவிரலில் சாம்பல் தொட்டு ஆயிரக்கணக்கில் முறுக்கியிருக்கிறாள். அறுந்த இழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. தொட வேணாம் என்று குணா சொன்னது காதில் ஏறியிருந்தால்தானே. பாவம், அப்பனும் மகளுமாகத் தவிக்கிறார்கள், நம்மால் ஆன உதவி என்று நினைத்துக்கொண்டு அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெற்றிச்செல்வன் பக்கத்தில் குந்தினான். "இது எலி கடிச்ச மாதிரி தெரியலயே. எங்க மில்லுல தெனம் சாக்கு கடிக்குது. கடிச்ச எடம் பிசிறு பிசிறா இருக்கும். இது நறுக்குனாப்ல கீது."

"நீ அரிசி எலியப் பாத்தவன். இது பட்டு எலி, நாசூக்காத்தான் கடிக்கும். போய்க் கொழம்ப சூடு பண்ணு."

முக்கால் மணி நேரத்தில் எல்லா இழையும் சேர்ந்துவிட்டது. விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே முறுக்கினது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா போனபிறகு எந்த வேலையிலும் இத்தனை திருப்தி அவளுக்கு வந்ததில்லை.

மணவாளன் நனைந்து வந்தார். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே தறியறைக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். தேவிப்ரியா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அவர் குனிந்து பாவின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெள்ளத் தடவினார். யார் பிணைத்தது என்று கேட்கவில்லை. நிமிர்ந்தபோது நெற்றியிலிருந்த சுருக்கமெல்லாம் போயிருந்தது. முகம் தெளிந்துவிட்டது.

"சாப்பாடு இருக்குதாம்மா?" என்றார்.

குழந்தைபோல உட்கார்ந்து இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கருவாட்டை முள் எடுத்துச் சப்பினார். "உங்கம்மாள ரொம்ப விசாரிச்சன்னு சொல்லு. நல்ல கை அவளுக்கு," என்றார். வெற்றிச்செல்வனைப் பார்த்து, "நல்லா படி தம்பி," என்றார். கை கழுவிவிட்டுப் பச்சையம்மாள் படத்துக்கு விளக்கேற்றினார். பிறகு குழியில் இறங்கி உட்கார்ந்தார். தறி ஓடியது. இப்போது துரத்தல் இல்லை, நிதானமாக ஓடியது.

தேவிப்ரியாவுக்கு மனசு குளிர்ந்தது. புஷ்பலதா மேடத்துக்கு மெசேஜ்கூடப் போட்டாள்: 'குணா அப்பா நல்லா சாப்பிட்டாரு மேடம். மொகம் தெளிஞ்சிடுச்சு.' கொஞ்ச நேரத்தில் மேடம் பதில் அனுப்பினார்: 'திடீர்னு ஏன்?' அந்தக் கேள்வி அவளுக்குப் புரியவில்லை.

பகல் ஒரு மணிக்குக் குணசுந்தரி அரிசிப் பையோடு தெருவில் வந்தாள். தறிச்சத்தம் கேட்டதும் ஓடிவந்தாள். பை வாசலிலேயே விழுந்து அரிசி ஈரத்தில் சிதறியது. தறியறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேவிப்ரியாவின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"யாருக்கா உன்ன பிணைக்கச் சொன்னது? தொட வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"எலி கடிச்சி வெச்சிருந்தது குணா, பாவமேன்னு..."

"எலியுமில்ல ஒண்ணுமில்ல." அவள் பிடித்த கையை விடவில்லை.

வெற்றிச்செல்வன் தாழ்ந்த குரலில், "நீதான் அறுத்த," என்றான். "நான் அப்பவே சொன்னேன், நறுக்குனாப்ல கீதுன்னு."

குணசுந்தரி தலையாட்டினாள். நைட்டிப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோல் ஒன்றின் பிடி தெரிந்தது. குரூப்பில் அவள் போட்ட வரி தேவிப்ரியாவுக்கு ஞாபகம் வந்தது. மேடம் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது, பயமாக இருந்தால் நேராகக் கேட்டுவிடு. கேட்டுவிட்டாள்.

"குணா, நீ செத்துப் போவணும்னு நெனக்கிறியா?"

"நான் இல்லக்கா," என்றாள் அவள். "நைனா."

அதற்கப்புறம் தடுக்க முடியாமல் வந்தது. "பத்தாம் நாளு ஆத்துல முழுவிட்டு வந்து என் கையப் புடிச்சிகினு சொன்னாருக்கா. இந்தப் பாவு உங்கம்மா பிணைச்சது, அவ கைபட்ட கடைசி வேலை. இத வீணாக்கக் கூடாது. நெய்து குடுத்துடறேன், பாவு முடிஞ்சதும் நானும் அவகிட்ட போய்டறேன், நீ படிச்சவ, பொழைச்சிக்குவன்னாரு. அருணகிரி மொதலாளி புதுப் பாவு குடுத்தனுப்புனாரு. வேணாம்னு திருப்பிட்டாரு. பழைய பாவோட நுனியில புதுசப் பிணைக்காம எந்தத் தறிக்காரனாவது வுடுவானாக்கா? இவரு வுட்டுட்டாரு. நான் இன்னா பண்றது? அவரு ஆத்தங்கரைக்குப் போற நேரம் பாத்து தெனம் நாப்பது அம்பது எழை அறுத்து வெப்பேன். வந்து மணிக்கணக்குல பிணைப்பாரு, ஒரு சாண் நெய்வாரு, பொழுது போய்டும். பதினேழு நாளா அப்படித்தான் ஓட்டிகினு இருந்தேன்."

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"யாருகிட்ட? தெருவே அவரு தேறிட்டாருன்னு சொல்லிகினு கீது. அம்மாவ பறிகுடுத்த பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிடுச்சின்னு சொல்லுவாங்க. வெளிய தெரிஞ்சா அவமானத்துலயே ஜல்தியா எதனா பண்ணிக்குவாரோன்னு பயம்." உள்ளேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். "இன்னும் ஒரு முழம்தான் இருக்குதுக்கா. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவாரு. நல்லது பண்றேன்னு வந்து இப்படிப் பண்ணிட்டியே."

தேவிப்ரியா தன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது. அதைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். தன் கையையே அவளுக்கு வெறுத்துப்போயிற்று.

வெற்றிச்செல்வன்தான் மேடத்துக்குப் போன் போட்டான். மேடம் வேலூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. தெரிந்த மனநல டாக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு புறப்படுவதாகச் சொன்னார். "மழை கொட்டுது, கண்ணமங்கலம் தாண்டி வர ஒண்ணரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அவர ஒரு நொடி தனியா விடாதீங்க. தேவிகிட்ட குடு. தேவி, நீ அவர்கிட்ட நேரா கேளு."

"கேட்டா அதுவே அவர தூண்டிவுட்டுட்டா மேடம்?"

"கேக்கறதால யாருக்கும் அந்த எண்ணம் வராதும்மா. கேக்காம வுட்டாத்தான் அந்த மனுசன் அதோட தனியாக் கெடப்பாரு. போ."

மூன்று பேரும் தறியறைக்குப் போனார்கள். வெற்றிச்செல்வன் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். குணசுந்தரி சுவரோரம் நின்றாள். தேவிப்ரியா தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மேகம் மூடி அறை இருட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் பாவு மட்டும் தெரிந்தது. குறுக்கு நூலைச் சுமந்து நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. ஒவ்வொரு தடவை பலகை அடிக்கும்போதும் ஒரு நூல் அகலம் குறைந்தது. அவள் கண்ணெதிரில் ஒரு மனிதனின் ஆயுசு அடித்து அடித்துக் குறைந்துகொண்டிருந்தது.

"மாமா."

"சொல்லு கண்ணு."

"பாவு முடிஞ்சதும் நீங்க உசுர வுட்டுடலாம்னு இருக்கீங்களா?"

தறி நின்றது. அவர் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நாடாவை மடியில் வைத்துக்கொண்டார். பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"ஆமாம்மா," என்றார்.

வெற்றிச்செல்வன் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, இனி என்ன பேசுவது என்று தேவிப்ரியாவுக்குத் தெரியவில்லை. தறியை இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். அவர்தான் பேசினார்.

"இருபத்திரண்டு வருசம் எனக்கு எதிர்ல உக்காந்து வேலை செஞ்சவ. எழை அறுந்தா எனக்கு முன்னாடி அவ கை போவும். இப்ப நிமிர்ந்து பாத்தா செவுருதான் தெரியுது. இது உங்களுக்கு இன்னா தெரியும், சின்னப் பசங்க." மகள் பக்கம் கண்ணைத் திருப்பினார். "எழை அறுக்கறது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்குதா கொழந்த? முப்பது வருசமா தறியில உக்காந்திருக்கேன், எலிப் பல்லு எது, கத்தரி எதுன்னு தெரியாதா? தெரியும். தெனம் வந்து பாப்பேன். அறுந்திருக்கும். சரி, கொழந்த இன்னிக்கும் போவாதன்னு சொல்லுது, அப்படின்னு நெனச்சி உக்காந்து பிணைப்பேன். அத மீறிப் போவ எனக்கு மனசு வரல."

நாடாவை மடியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இன்னிக்கு வந்து பாத்தேன். எல்லாத்தையும் அழகாப் பிணைச்சி வெச்சிருந்தது. சரி, கொழந்தைக்கும் சலிச்சிப்போச்சு, போய்ட்டு வான்னு உத்தரவு குடுத்துடுச்சின்னு நெனச்சேன். நிம்மதியா ரெண்டு வாய் சாப்ட்டேன்."

குணசுந்தரி வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அது நான் மாமா," என்றாள் தேவிப்ரியா. "பிணைச்சது நான். அவ ரேஷனுக்குப் போயிருந்தா. தொட வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனா. எனக்குக் கை அடங்கல. அவ உத்தரவு குடுக்கல மாமா. அவ எந்த நாளும் குடுக்கல."

மணவாளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து பாவைப் பார்த்தார், எங்கோ ஒரு இழையை விரலால் தேடினார். "பூங்காவனம் கை," என்று முணுமுணுத்தார். "எனக்குத் தெரியாமப் போச்சே."

குணசுந்தரி முன்னால் வந்தாள். கையில் கத்தரி இருந்தது. யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டும் என்று தோன்றவே நேரமில்லை. விழுதுக்குப் பின்னால் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம்வரை ஒரு இழை விடாமல் நறுக்கிக்கொண்டே போனாள். நெய்கிற வீட்டில் யாரும் செய்யாத காரியம். வெட்டுப்பட்ட பட்டு பொத்தென்று தொய்ந்து தரையில் விழுந்தது. பச்சையம்மாள் பிணைத்த பாவு, இன்னும் ஒரு முழம் மீதியிருக்கும்போதே நாசமாகிப் போயிற்று.

"இனிமே இது முடியாது நைனா," என்றாள். "முடியவே முடியாது. நீ எங்கயும் போவ முடியாது."

தூறல் வலுத்து ஓட்டின்மேல் விழுகிற சத்தம் கேட்டது. மணவாளன் கையை நீட்டி வெட்டுப்பட்ட இழைகளை அள்ளிக்கொண்டார், முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அழுதார். பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத மனிதர், தறிக்குழிக்குள் உட்கார்ந்தபடி, தெருவுக்கே கேட்கும்படி அழுதார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குணசுந்தரி குழி விளிம்பில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிச்செல்வன் எழுந்துபோய் வாசலில் சிதறிய அரிசியை ஈரத்தோடு வாரிக்கொண்டிருந்தான். தேவிப்ரியா இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் செய்த தப்பு தப்புதான், அது ஒன்றும் கரைந்துவிடவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மடியில் கிடந்த பட்டையும் தறியில் தொங்கும் சேலையையும் பார்த்தார்.

"நாளைக்கு அருணகிரி மொதலாளி வந்து கேட்டா இன்னாம்மா சொல்றது?" என்றார்.

"நான் சொல்லிக்கறேன் நைனா."

"உன்னத் திட்டுவாரு."

"திட்டட்டும்."

தேவிப்ரியாவின் போன் அடித்தது. மேடம். பின்னால் பஸ் ஹாரனும் மழையும் கேட்டன. "கண்ணமங்கலம் வந்துட்டோம். எப்படிம்மா இருக்காரு?"

அவள் தறிக்குழியைப் பார்த்தாள். என்ன சொன்னால் சரியாக இருக்கும் என்று தெரியவில்லை. "நாளைக்கு மொதலாளிகிட்ட இன்னா சொல்றதுன்னு கேட்டுகினு இருக்காரு மேடம்," என்றாள்.

மேடம் அதைப் பக்கத்திலிருந்த டாக்டரிடம் சொல்வது கேட்டது.

"சரி," என்றார் மேடம். "பக்கத்துலயே இரு. வந்துகினே இருக்கோம்."